லேப்டாப் வைஃபை கார்டை மாற்றலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிருஷ்ணகிரியில் லேப்டாப் சர்வீஸ் செய்கிறேன். பெங்களூரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர்கள், பர்கூர் இன்ஜினியரிங் காலேஜ் பிள்ளைகள், ஆன்லைன் விண்ணப்பம் போட்டுத் தரும் கடைக்காரர்கள் என்று யார் வந்தாலும், "நெட் ஸ்லோ, கார்டு மாத்திடலாமா?" என்ற பேச்சு வந்துவிடுகிறது. அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டுப் பதில் எழுதியிருக்கிறேன். எல்லாமே விண்டோஸ் லேப்டாப்பை வைத்துச் சொல்வது.

வைஃபை கார்டுன்னு தனியா ஒண்ணு உள்ள இருக்கா?

பெரும்பாலான லேப்டாப்களில் இருக்கிறது. அடிமூடியைக் கழற்றினால் 22 மி.மீ. அகலம், 30 மி.மீ. நீளத்தில் ஒரு சின்னப் பலகை ஒரே ஒரு திருகில் உட்கார்ந்திருக்கும். அதில் செருகியிருக்கும் மெல்லிய ஒயர்கள் திரையின் ஓரமாகப் போய் ஆன்டெனாவில் முடியும். ப்ளூடூத்தும் அதே பலகையில்தான். சில மெல்லிய மாடல்களில் கார்டை மதர்போர்டிலேயே ஒட்டிவிடுகிறார்கள். அவற்றில் மாற்ற முடியாது.

நெட் ரொம்ப ஸ்லோ. கார்டு மாத்தினா சரியாயிடுமா அண்ணா?

பாதிப் பேருக்கு ஆகாது. அதனால் பர்ஸைத் திறக்கும் முன் இரண்டு சோதனை செய்து பாருங்கள். லேப்டாப் இருக்கும் அதே இடத்தில், அதே வைஃபையில், கொஞ்சம் புதிய போனை வைத்து ஸ்பீட் டெஸ்ட் போடுங்கள். அப்புறம் லேப்டாப்பை ரூட்டர் பக்கத்தில் கொண்டுபோய், லேன் கேபிள் செருகி, வைஃபையை அணைத்துவிட்டு மறுபடி போடுங்கள்.

போனிலும் வேகம் இல்லை, கேபிளிலும் இல்லை என்றால் குறை லைனில் அல்லது பிளானில். கேபிளில் முழு வேகம் வருகிறது, போனில் அந்த இடத்தில் வரவில்லை என்றால் சிக்னல் அங்கே எட்டவில்லை. கேபிளிலும் போனிலும் நன்றாக வந்து, லேப்டாப் வைஃபையில் மட்டும் படுத்துக்கொண்டால்தான் கார்டைச் சந்தேகப்பட வேண்டும். 30 எம்பிபிஎஸ் பிளான் போட்டுக்கொண்டு வைஃபை 6 என்ற புதிய தலைமுறைக் கார்டு தேடுவது, அரை இஞ்சு தண்ணி வரும் போர்வெல்லுக்கு நாலு இஞ்சு குழாய் இறக்குகிற கதைதான்.

100 எம்பிபிஎஸ் பிளான். போன்ல 95 வருது, லேப்டாப்புல 40 தாண்ட மாட்டேங்குது. ஏன்?

கார்டு மாற்றினால் பலன் தெரியும் என்று நான் தைரியமாகச் சொல்வது இந்த ஒரு நிலைமைக்குத்தான். விலை குறைந்த லேப்டாப்களில் பல வருடங்களாக 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டும் எடுக்கிற, ஒற்றை ஆன்டெனா கார்டுகளைப் போட்டு விற்றார்கள். அப்படிப்பட்ட கார்டு சாதாரண 20 மெகாஹெர்ட்ஸ் அகலச் சேனலில் ரூட்டரோடு பேசும் உச்ச வேகமே 72 எம்பிபிஎஸ். நமக்குக் கையில் கிடைப்பது அதில் பாதியோ கொஞ்சம் கூடவோதான். 40 வந்தால் அந்தக் கார்டு தன்னால் முடிந்ததைச் செய்கிறது என்று அர்த்தம்.

போன் 5 கிகாஹெர்ட்ஸில் பேசுவதால் 95 வருகிறது. 5 கிகாஹெர்ட்ஸ் எடுக்கும் ஒற்றை ஆன்டெனா கார்டுக்கே உச்சம் 433 எம்பிபிஎஸ், இரண்டு ஆன்டெனா என்றால் 867. இரண்டில் எதுவானாலும் 100 எம்பிபிஎஸ் பிளான் முழுசாக வரும். அதற்கு வைஃபை 6 கூட அவசியமில்லை, வைஃபை 5 போதும். ஆனால் இன்றைக்குப் புதிதாக வாங்கினால் விலையில் பெரிய வித்தியாசம் இல்லாததால் 6 வாங்குங்கள் என்பேன்.

5ஜி வைஃபைன்னா 5ஜி சிம் வேணுமா?

வேண்டாம். 5ஜி என்பது செல்போன் கம்பெனிகளின் ஐந்தாம் தலைமுறை. ரூட்டரின் பெயருக்குப் பின்னால் வரும் 5ஜி என்பது 5 கிகாஹெர்ட்ஸ் என்ற அலைவரிசை. இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை.

என் லேப்டாப்புல எந்த கார்டு இருக்குன்னு கழட்டாம பார்க்க முடியுமா?

முடியும். ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிவைஸ் மேனேஜர் திறந்து, நெட்வொர்க் அடாப்டர்ஸ் என்பதை விரித்தால் பெயர் தெரியும். அதில் உள்ள எண்ணைப் பாருங்கள். ரியல்டெக் 8723, 8188, குவால்காம் ஏதெராஸ் 9565, பிராட்காம் 43142 என்றிருந்தால் மேலே 40 எம்பிபிஎஸ் கேள்விக்குச் சொன்ன, 2.4 மட்டும் எடுக்கும் ரகம். யோசிக்காமல் மாற்றலாம்.

ரியல்டெக் 8821, ஏதெராஸ் 9377, இன்டெல் 3165, 3168, 9461, 9462 எல்லாம் 5 கிகாஹெர்ட்ஸ் எடுக்கும், ஆனால் ஒற்றை ஆன்டெனா. 100 எம்பிபிஎஸ் பிளானுக்குத் தாராளம். 300, 500 என்று பிளான் வைத்திருப்பவர்கள் மட்டும் யோசிக்கலாம். இன்டெல் 7265, 8265, 9260, 9560 இரண்டு ஆன்டெனா கார்டுகள். இவற்றை மாற்றச் சொல்லி வருபவர்களை நான் பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடுவேன். ஏஎக்ஸ் என்று பெயரில் இருந்தாலோ, மீடியாடெக் 7921 என்று இருந்தாலோ உங்களிடம் ஏற்கெனவே வைஃபை 6 இருக்கிறது.

எங்களுது கல்லு வீடு. பின்னாடி ரூம்ல ஒரு கோடுதான் காட்டுது. நல்ல கார்டு போட்டா எடுக்குமா?

நம் பக்கம் கிரானைட் கல்லுக்குப் பஞ்சமில்லை. பழைய வீடுகளில் சுவர், தளம், பலகை எல்லாமே கல். அந்தத் தடிமனான சுவரைத் தாண்டும்போது வைஃபை நிறைய வலுவிழக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸாவது கொஞ்சம் ஊடுருவும், 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டாவது சுவரிலேயே கையை விரித்துவிடும். ஷீட் போட்ட தடுப்பு, இரும்பு பீரோ, பெரிய நிலைக்கண்ணாடி இவையும் மறைக்கும். ஒற்றை ஆன்டெனாவிலிருந்து இரட்டைக்கு மாறினால் ஓரளவு முன்னேற்றம் தெரியும். ஆனால் ஒரு கோடு மூன்று கோடாகாது.

முதலில் ரூட்டரின் இடத்தைப் பாருங்கள். ஃபைபர் கேபிள் வீட்டுக்குள் நுழைகிற மூலையில், ஜன்னலுக்குக் கீழே, டிவிக்குப் பின்னால் ஆணி அடித்து மாட்டிவிட்டுப் போயிருப்பார்கள். அதை வீட்டு நடுவில், ஆள் உயரத்துக்குக் கொண்டுவரச் சொன்னாலே பல வீடுகளில் பிரச்சினை முடிந்துவிடுகிறது. ஃபைபரை நீட்ட முடியாவிட்டால், ரூட்டரிலிருந்து பின்னறைக்கு ஒரு லேன் கேபிள் இழுத்து அங்கே இன்னொரு ரூட்டரை வையுங்கள். பரணில் கிடக்கும் பழைய ரூட்டரே போதும். அதில் டிஎச்சிபியை (மற்ற சாதனங்களுக்கு ஐபி முகவரி கொடுக்கும் வசதி) அணைத்து, அதன் ஐபி முகவரி முதல் ரூட்டரோடு மோதாதபடி மாற்றி, கேபிளை லேன் போர்ட்டில் செருக வேண்டும்.

சுவரில் செருகும் ரிப்பீட்டர் வாங்கலாமா என்றும் கேட்பார்கள். மலிவான ரிப்பீட்டர் ஒரே அலைவரிசையில் வாங்கி, அதிலேயே திருப்பி அனுப்புவதால் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். கேபிள் இழுக்க வழியே இல்லாத வீட்டுக்கு மட்டும் அதைச் சொல்வேன்.

ஸ்லாட்டு எதுன்னு எப்படித் தெரியும்? கார்டு எல்லாம் ஒரே சைஸ் தானே?

இல்லை. 2013, 2014 வாக்கில் ஒரு மாற்றம் நடந்தது. அதற்கு முந்தைய லேப்டாப்களில் மினி பிசிஐஇ ஸ்லாட், பின்னால் வந்தவற்றில் எம்.2 ஸ்லாட். மேலே சொன்ன 22க்கு 30 அளவு எம்.2 கார்டுடையது. மினி பிசிஐஇ அரை நீளக் கார்டு 30க்கு ஏறத்தாழ 27 மி.மீ., பார்க்கக் கொஞ்சம் சதுரமாக இருக்கும். ஒன்றை மற்றொன்றில் நேரடியாகச் செருக முடியாது. ஆன்டெனா ஒயரின் முனைகூட வேறு. எம்.2 கார்டில் அது இன்னும் பொடிசு.

மாடல் பெயரோடு சர்வீஸ் மேனுவல் என்று தேடினால் பல கம்பெனிகளின் கையேடு கிடைக்கும். கார்டைக் கழற்றும் பக்கம் அதில் இருந்தால் ஸ்லாட் இருக்கிறது. நீங்களே திறப்பதானால் முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிடுங்கள். வாரண்டி முடியாத லேப்டாப் என்றால் திறக்கும் முன் கம்பெனி சர்வீஸ் சென்டரில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்டெல் 200, 201, 210, 211 எல்லாம் ஒண்ணு மாதிரிதான் இருக்கு. எதை வாங்கினா என்ன?

இங்கேதான் நிறையப் பணம் வீணாகிறது. ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்210 இரண்டும் முழுமையான கார்டுகள். எம்.2 ஸ்லாட்டில் சாதாரண பிசிஐஇ இணைப்பு இருந்தால் பிராசஸர் இன்டெல், ஏஎம்டி எதுவானாலும் ஓடும். ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 அப்படியில்லை. வைஃபையின் மூளையை இன்டெல் தன் பிராசஸர், சிப்செட் பக்கம் வைத்துவிட்டு, ரேடியோ பகுதியை மட்டும் கார்டில் கொடுக்கிறது. இதற்கு சிஎன்விஐ என்று பெயர். அதற்கு ஏற்ற இன்டெல் தலைமுறையில் மட்டுமே வேலை செய்யும். ஏஎம்டி லேப்டாப்பில் செருகினால் கார்டு இருப்பதே அதற்குத் தெரியாது.

செருகும் பகுதியின் வடிவம் ஒத்துப்போவதால் கடையில் கொடுப்பவருக்கும் சில நேரம் வித்தியாசம் தெரிவதில்லை. இந்த நாலு எண்ணுக்கு மட்டும் ஒரு சுலப வழி: கடைசி இலக்கம் 0 என்றால் பொதுக் கார்டு, 1 என்றால் இன்டெல் லேப்டாப்புக்கு மட்டும். தலைகீழான சிக்கலும் உண்டு. சிஎன்விஐ மட்டும் கம்பி போட்ட ஸ்லாட் உள்ள சில லேப்டாப்களில் 200, 210 எடுக்காது. இப்போது உள்ளே இருப்பது 9461, 9462, 9560, 201 போன்ற சிஎன்விஐ கார்டு என்றால், அதே மாடல் வைத்திருக்கும் யாராவது மாற்றியிருக்கிறார்களா என்று விசாரித்துவிட்டு வாங்குங்கள்.

கவர்மென்ட்டுல குடுத்த லேப்டாப். அதுக்குப் போடலாமா?

விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011இல் தொடங்கியது. எந்த வருடத்து லேப்டாப் என்பதைப் பொறுத்து உள்ளே இருப்பதும் மாறும். ஆரம்ப வருடங்களில் வந்தவை என்றால் மினி பிசிஐஇ. அதற்குக் கார்டு தேடி அலைவதைவிட 5 கிகாஹெர்ட்ஸ் எடுக்கும் டாங்கிள் (யூஎஸ்பி போர்ட்டில் வெளியே செருகும் வைஃபை) ஒன்று போதும்.

உண்மையைச் சொன்னால், அந்த லேப்டாப்பைக் கொண்டுவருகிறவர்கள் "நெட் ஸ்லோ" என்று சொல்வது பெரும்பாலும் பிரௌசர் திறக்க நேரமாவதை. அது பழைய ஹார்டு டிஸ்க்கும் பற்றாத ரேமும் செய்கிற வேலை. அங்கே முதல் செலவு எஸ்எஸ்டி, இரண்டாவது ரேம். கார்டு மூன்றாவது.

அப்போ எல்லாருக்கும் டாங்கிளே போதாதா?

சிலருக்குப் போதும். கார்டை ஒட்டிவைத்த லேப்டாப்புக்கு அதுதான் வழி. ஆனால் வாங்கும்போது பாருங்கள்: விரல் நுனி அளவில் மலிவாக வரும் டாங்கிள்களில் நிறைய 2.4 மட்டும் எடுக்கும், 150 எம்பிபிஎஸ் என்று அட்டையில் போட்டிருக்கும். அதை மாட்டினால் மேலே 40 எம்பிபிஎஸ் கேள்வி கேட்டவர் நிலைமைதான். டூயல் பேண்ட், அதாவது 2.4, 5 இரண்டும் எடுக்கும் என்று எழுதியிருக்க வேண்டும்.

இன்னொன்று, யூஎஸ்பி 3.0 போர்ட் வேலை செய்யும்போது 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சல் கிளப்பும். இதை இன்டெலே 2012இல் ஓர் அறிக்கையில் விளக்கியிருக்கிறது. டாங்கிளுக்குப் பக்கத்துப் போர்ட்டில் வெளி ஹார்டு டிஸ்க் மாட்டினால் நெட் தடுமாறுவது அதனால்தான். ஒரு சின்ன எக்ஸ்டென்ஷன் கேபிளில் டாங்கிளைத் தள்ளி வைத்தால் சரியாகும். லேப்டாப்பை மடித்துப் பையில் போட்டு பஸ்ஸில் போய் வருகிறவர்களுக்கு நீட்டிக்கொண்டிருக்கும் டாங்கிள் சரிப்படாது, சீக்கிரம் உடையும். நண்பரிடம் டாங்கிள் இருந்தால் ஒரு நாள் இரவல் வாங்கிப் போட்டுப் பாருங்கள். அதில் வேகம் ஏறினால் கார்டு மாற்றினாலும் ஏறும்.

புது கார்டு போட்டதும் 1802-ன்னு காட்டி அப்படியே நின்னுடுச்சு. போர்டு போச்சா?

போர்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. கார்டைக் கழற்றிவிட்டால் பழையபடி ஆன் ஆகும். பழைய லெனோவோ, எச்பி மாடல்கள் பலவற்றின் பயாஸில் (லேப்டாப் ஆன் ஆனதும் முதலில் ஓடும் மென்பொருள்), கம்பெனி அங்கீகரித்த கார்டுகளின் பட்டியல் இருக்கும். பட்டியலில் இல்லாத கார்டைக் கண்டால் லெனோவோவில் 1802 என்றும், எச்பியில் 104 என்றும் எண் காட்டி நிறுத்திவிடும். வாங்கியவர் வாங்கின பொருளில் அவர் விருப்பப்பட்ட கார்டைப் போட விடாதது அநியாயம் என்பது என் எண்ணம். புதிய மாடல்களில் இந்தத் தொல்லை அநேகமாக இல்லை.

இதற்கு நேர்வழி, அந்த மாடலுக்கென்று கம்பெனி தந்த பார்ட் நம்பர் ஒட்டிய கார்டைத் தேடி வாங்குவது. திருத்திய பயாஸ் ஏற்றித் தருகிறேன் என்று சொல்பவர்களிடம் லேப்டாப்பைக் கொடுக்காதீர்கள். தப்பினால் அப்போது உண்மையிலேயே போர்டு போகும்.

உள்ள ஒரு ஒயர்தான் இருக்கு, கார்டுல ரெண்டு முனை இருக்கே?

ஒற்றை ஆன்டெனா கார்டோடு வந்த லேப்டாப்களில் சிலவற்றில் ஒயரும் ஒன்றுதான். அதை மெயின் என்று குறித்த முனையில் செருகினால் வைஃபை ஓடும், ஆனால் ஒரு ஆன்டெனாவின் வேகத்தில். ப்ளூடூத் சில கார்டுகளில் தடுமாறும். உள்ளே ஒட்டுகிற பட்டை ஆன்டெனா தனியாக விற்கிறார்கள். திரை ஓரத்தில் இடம் இருந்தால் அதை ஒட்டலாம். உலோக மூடிக்குள் ஒட்டினால் பலன் இருக்காது.

ஒயரைப் பிடுங்கும்போது இழுக்காதீர்கள். முனையின் ஓரத்தில் நகத்தையோ பிளாஸ்டிக் நெம்பியையோ கொடுத்து நேராக மேலே தூக்க வேண்டும். மாட்டும்போது சரியாக மேலே வைத்து அழுத்தினால் ஒரு சின்ன க்ளிக் வரும். க்ளிக் வராமல் அழுத்திக்கொண்டே போனால் முனை நசுங்கிவிடும். இந்த வேலையில் அதிகம் கெடுவது இந்த முனைதான்.

வைஃபை சரி. ப்ளூடூத் காணாம போயிடுச்சே?

ஒரே கார்டாக இருந்தாலும் ப்ளூடூத் உள்ளுக்குள் யூஎஸ்பி வழியாகப் பேசுகிறது. அதற்கு டிரைவர் மென்பொருள் தனி. வைஃபை டிரைவர் மட்டும் போட்டிருப்பீர்கள். கார்டு கம்பெனியின் ப்ளூடூத் டிரைவரையும் போட்டு, லேப்டாப்பை முழுசாக அணைத்து ஆன் செய்யுங்கள். பழைய மினி பிசிஐஇ ஸ்லாட் சிலவற்றில் யூஎஸ்பி இணைப்பே கொடுத்திருக்க மாட்டார்கள். அங்கே ப்ளூடூத் வராது.

போறதுதான் போறோம், வைஃபை 7 கார்டே போட்டுடலாமே?

ரூட்டரும் வைஃபை 7 ஆக இருந்தால்தான் அதற்கு அர்த்தம். விண்டோஸ் 11இன் 24எச்2 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பும் வேண்டும். இன்டெலின் வைஃபை 7 கார்டான பிஇ200 பல ஏஎம்டி லேப்டாப்களில் எடுப்பதில்லை. வைஃபை 6இ, 7 இரண்டின் பெருமையும் 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில்தான் இருக்கிறது. நம் நாட்டில் அதன் கீழ்ப்பகுதியான 5925 முதல் 6425 மெகாஹெர்ட்ஸ் வரை உரிமம் இல்லாமல் பயன்படுத்த விடுவதற்கான வரைவு விதிகளே 2025 மே மாதம்தான் வெளிவந்தன. இணைப்போடு கொடுக்கிற ரூட்டரை வைத்திருக்கும் வீட்டில் 7 போட்டு ஒரு எம்பிபிஎஸ்கூட ஏறாது.

ஏஎக்ஸ்210 வாங்கலாமா என்றால், ஏஎக்ஸ்200 விலைக்கு அருகில் கிடைத்தால் வாங்குங்கள். ப்ளூடூத் புதியது, வேறு காரணம் வேண்டாம்.

ஸ்பீட் டெஸ்ட்ல நல்லா வருது, மீட்டிங்ல மட்டும் குரல் விட்டு விட்டு வருது. இதுக்கு கார்டா காரணம்?

இருக்கலாம், ஆனால் வேகத்தால் அல்ல. வீடியோ மீட்டிங்குக்குச் சில எம்பிபிஎஸ் போதும். ப்ளூடூத் ஹெட்செட் போட்டிருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். ப்ளூடூத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸில்தான் ஓடுகிறது. ஒற்றை ஆன்டெனா கார்டில் 2.4 வைஃபையும் ப்ளூடூத்தும் மாறி மாறி ஒரே ஆன்டெனாவைப் பிடிக்க வேண்டும், அப்போது குரல் உடையும். ஒயர் ஹெட்போன் போட்டுப் பாருங்கள். சரியானால் வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். கார்டு அதை எடுக்காது என்றால், இது மாற்றுவதற்கு நல்ல காரணம்.

அடுத்து, டிவைஸ் மேனேஜரில் அந்தக் கார்டின் பவர் மேனேஜ்மென்ட் பகுதிக்குப் போய், மின்சாரம் மிச்சப்படுத்தக் கார்டை அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். அந்தப் பகுதி சில லேப்டாப்களில் இருக்காது. கம்பெனி விபிஎன் போட்டால் மட்டும் தடுமாறுகிறது என்றால் உங்கள் கார்டைத் தொடாதீர்கள், அலுவலக ஐடி ஆட்களிடம் சொல்லுங்கள். லேப்டாப்பே கம்பெனியுடையது என்றால் எதற்காகவும் திறக்காதீர்கள். நானும் திறக்க மாட்டேன்.

எஸ்.பி. ரோட்டுல பழைய கார்டு கம்மி விலைக்குக் கிடைக்குது. வாங்கலாமா?

வாங்கலாம். பெங்களூரு எஸ்.பி. ரோட்டிலும் சென்னை ரிச்சி தெருவிலும் உடைத்த லேப்டாப்பிலிருந்து எடுத்த கார்டுகள் கிடைக்கும். கார்டில் தேய்கிற பாகம் எதுவும் இல்லை. ஆன்டெனா முனைகள் நசுங்காமல் வட்டமாக இருக்கின்றனவா என்று மட்டும் போன் கேமராவைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஸ்டிக்கரை நம்ப வேண்டாம். மாட்டியதும் டிவைஸ் மேனேஜரில் காட்டும் பெயர் ஸ்டிக்கரோடு ஒத்துப்போக வேண்டும், இல்லாவிட்டால் திருப்பித் தருவேன் என்று பேசி வாங்குங்கள்.

கார்டு மாத்தியாச்சு, ஸ்பீட் ஏறவே இல்லை. இப்ப என்ன பண்றது?

வைஃபை இணைப்பின் பிராப்பர்ட்டீஸ் பக்கத்தில் நெட்வொர்க் பேண்ட் என்ன காட்டுகிறது என்று பாருங்கள். 2.4 என்றிருந்தால் கார்டு பழைய பழக்கத்தில் அதே பெயரைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ரூட்டரில் 5 கிகாஹெர்ட்ஸுக்குத் தனிப் பெயர் வைத்து அதில் இணையுங்கள். ரூட்டரில் 5 என்ற பேச்சே இல்லையென்றால், சில இணைப்புகளோடு கொடுக்கும் பெட்டி 2.4 மட்டும்தான் தரும். அது உங்கள் வீட்டிலா என்பது, இரண்டாவது பதிலில் சொன்ன போன் சோதனையைச் செய்திருந்தால் முன்பே தெரிந்திருக்கும். டூயல் பேண்ட் பெட்டி மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

பேண்ட் 5 காட்டி, லிங்க் ஸ்பீட் 800க்கு மேல் காட்டியும், டெஸ்டில் 95க்கு மேல் நகரவில்லை என்றால் ரூட்டருக்கு வருகிற லேன் போர்ட்டையும் கேபிளையும் பாருங்கள். போர்ட் 100 எம்பிபிஎஸ் ரகமாக இருக்கும், அல்லது கேபிளில் ஒரு ஜோடிக் கம்பி அறுந்திருக்கும். 200 எம்பிபிஎஸ் பிளானுக்குக் காசு கட்டிக்கொண்டு, நடுவில் இருக்கும் பழைய போர்ட்டால் பாதியை மட்டும் வாங்கிக்கொண்டிருக்கும் வீடுகள் காவேரிப்பட்டணத்திலும் உண்டு, ஓசூரிலும் உண்டு.